கவனம் நிற்காத பிள்ளைக்குப் பாட்டு கை கொடுக்குமா?



இந்த மாதப் பாடம் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியது அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. படித்துக்கொண்டே போகும்போது, “இது நம்மளைப் பத்தியும் தானே சொல்றாங்க” என்று சில சகோதரிகளுக்குத் தோன்றலாம். தோன்றினால் நல்லதுதான்.

குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது எங்கள் காதில் அடிக்கடி விழும் வார்த்தைகள் இவை: “ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டான் மேடம்.” “காலையில வாங்கிக் கொடுத்த பேனாவை சாயங்காலம் காணோம்னு வந்து நிக்கிறா.” “புத்தகத்தை விரிச்சு வச்சுட்டு ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கா.” “அடிச்சுப் பார்த்தாச்சு. இனி சூடு வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி.”

அடி வாங்கியும் மாறாத பிள்ளை என்றால் நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தப் பிள்ளை மாற மறுக்கிறதா, இல்லை அதனால் முடியவில்லையா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இது என்ன குறைபாடு?

மருத்துவர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். தமிழில் ‘கவனக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு’. பெயர் நீளமாக இருப்பதால் இந்தப் பாடத்தில் கவனக் குறைபாடு என்றே சொல்வோம். இது புதிதாக முளைத்த நோய் அல்ல. 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறை இல்லாமலே கவனத்தையும் நடத்தையையும் கட்டுப்படுத்த முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அப்படியென்றால் 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் இரண்டு பேர் இருக்கலாம்.

நம் மூளையில் ஒரு வேலையைத் தொடங்க, அதிலேயே நிற்க, முடிக்கச் சொல்லி உந்தும் பகுதிகள் இருக்கின்றன. அவற்றின் வேலைக்கு டோபமைன் போன்ற இரசாயனங்கள் வேண்டும். கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு வேறு மாதிரி இயங்குகிறது. பிடித்த விளையாட்டில் இரண்டு மணி நேரம் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை, வாய்ப்பாடு எழுத உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவது இதனால்தான். “விளையாடும்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருது?” என்று நாம் கேட்கிறோம். கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதில்தான் சிக்கல்.

எப்படிக் கண்டுகொள்வது?

கீழே உள்ளவை சில அடையாளங்கள்:

1. சின்னச் சின்னத் தவறுகள் அதிகம். கூட்டல் குறியைக் கழித்தலாகப் பார்ப்பது, கேள்வியை விட்டுவிடுவது.
2. நேரில் நின்று பேசினாலும் காதில் வாங்காதது போல் இருப்பது.
3. தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவது.
4. பொருட்களை அடிக்கடி தொலைப்பது, சொன்னதை மறப்பது.
5. கை காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, வகுப்பில் எழுந்து நடப்பது.
6. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வது, வரிசையில் காத்திருக்க முடியாமல் தவிப்பது.

இதில் இரண்டு மூன்று எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். பார்த்தவுடன் நாமே முடிவு கட்டக் கூடாது. அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதத்துக்கு மேல் தொடர வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும். இத்தனையும் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

வேறு காரணங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளையும், கரும்பலகை தெரியாத பிள்ளையும், இரத்த சோகை உள்ள பிள்ளையும், இரவில் தூக்கம் இல்லாத பிள்ளையும், வீட்டில் குடிச் சண்டையைப் பார்த்து வளரும் பிள்ளையும் இதே மாதிரிதான் தெரியும். ஆகவே காது, கண், இரத்தம் மூன்றையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயம்

ஓடி ஆடி வம்பு செய்யும் பையனை டீச்சர் உடனே கவனித்துவிடுவார். பெண் பிள்ளைகளில் பலருக்கு இந்தக் குறைபாடு சத்தம் போடாமல் வருகிறது. அவள் கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து கனவு காண்பாள். யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் யாரும் கேட்பதும் இல்லை. ‘மக்கு’ என்ற பட்டம் மட்டும் கிடைக்கும். எட்டாவது, ஒன்பதாவது வந்ததும், “இவளுக்குப் படிப்பு ஏறாது, நிறுத்திடலாம்” என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு மில் வேலை, அதற்குப் பிறகு சீக்கிரம் கல்யாணம். ஒரு குறைபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே திசை மாறுகிறது.

யார் மேல் பழி?

“தாய் சரியா வளர்க்கலை” என்று சொல்வதுதான் எல்லோருக்கும் சுலபம். அது உண்மை அல்ல. இந்தக் குறைபாடு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குறைமாதத்தில் பிறப்பது, பிறக்கும்போது எடை மிகக் குறைவாக இருப்பது போன்றவையும் காரணமாகலாம். சர்க்கரை, மிட்டாய் சாப்பிடுவதால் வருவதில்லை. செல்லம் கொடுப்பதால் வருவதில்லை. செய்வினையும் இல்லை.

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பற்றிப் பல சகோதரிகள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒலிம்பிக்கில் மொத்தம் 28 பதக்கங்கள், அதில் 23 தங்கம். 2008-ல் பெய்ஜிங்கில் மட்டும் 8 தங்கம். அவருக்கு 9 வயதில் இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தது. “உங்கள் மகனால் எதிலும் கவனம் செலுத்த முடியாது” என்று பள்ளியில் ஒரு ஆசிரியை சொன்னதை அவர் தாயார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாயாரும் ஒரு ஆசிரியைதான். அந்தப் பேச்சோடு அவர் பிள்ளையைக் கைவிட்டுவிடவில்லை. போட்டிக்கு முன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நிற்கும் ஃபெல்ப்ஸைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை. பத்தாவது பாஸ் செய்தால் நமக்கு அதுவே தங்கம்தான்.

பாட்டு எப்படி உதவுகிறது?

வேலையையும் பாட்டையும் சேர்ப்பது நமக்குப் புதிதா என்ன? நடவுப் பாட்டு பாடிக்கொண்டே நட்டால் வரிசையும் தப்பாது, இடுப்பு வலியும் தெரியாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையையே பாட்டில் வைத்துப் பாடினார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் மனசு அலையாமல் தாளம் பிடித்து வைக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2011-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தமக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதைக் கண்டார்கள். கவனக் குறைபாட்டோடு சம்பந்தப்பட்ட அதே இரசாயனம்தான் இது.

1996-ல் அமெரிக்காவில் இந்தக் குறைபாடு உள்ள பையன்களுக்குக் கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு முறை அமைதியில், ஒரு முறை பேச்சுச் சத்தத்தில், ஒரு முறை பிடித்த பாட்டோடு. பாட்டோடு தொடங்கியவர்கள் நன்றாகச் செய்தார்கள். மற்ற பையன்களுக்கு எப்படிச் செய்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

2011-ல் நடந்த இன்னொரு ஆய்வில், இந்தப் பையன்கள் வகுப்பு வேலை செய்யும்போது வீடியோ ஓடினால் வேலை கெட்டது. பாட்டு ஓடினால் சராசரியில் கெடவில்லை. ஆனால் சிலருக்குப் பாட்டு உதவியது, சிலருக்கு இடைஞ்சலானது. ஒரே மருந்து எல்லோருக்கும் ஒத்துவராத மாதிரிதான் இதுவும்.

பாட்டு மட்டும் அல்ல, மின்விசிறி ஓடும் சத்தம், மழைச் சத்தம் போன்ற சீரான இரைச்சலும் சிலருக்குப் பயன்படுகிறது. சுவீடனில் 2007-ல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. 2024-ல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சிறிய அளவில் நன்மை தெரிந்தது. குறைபாடு இல்லாதவர்களுக்கு அதே இரைச்சல் கொஞ்சம் கெடுதலாக இருந்தது. ஆகவே அண்ணனுக்கு உதவுகிறது என்று தங்கைக்கும் போட்டுவிடக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால்: பாட்டு ஒரு ஊன்றுகோல். சிலருக்கு நல்ல ஊன்றுகோல். அது குறைபாட்டைத் தீர்க்காது.

ஒரு குடும்பம் செய்து பார்த்தது

எங்கள் பகுதியில் ஒரு குழு உறுப்பினருடைய மகள். பெயரும் ஊரும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் ஒற்றை இலக்க மதிப்பெண். ஸ்பின்னிங் மில்லுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். அப்பா ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டார். அந்த வாரக் கூட்டத்தில் அம்மா கண் கலங்கி, “அவ சோம்பேறி இல்ல அக்கா. உட்காரத்தான் பார்க்கிறா, முடியல” என்று சொன்னார். குழுவின் ஊக்குநர் அதோடு விடவில்லை. பஸ் செலவுக்கு உள்கடன் தீர்மானம் போட்டு, தாயையும் மகளையும் மாவட்ட அரசு மருத்துவமனைக்குத் தானே அழைத்துப் போனார்.

காது, கண் இரண்டும் சரியாக இருந்தன. மனநல மருத்துவர் டீச்சரிடமிருந்தும் விவரம் எழுதி வாங்கி வரச் சொல்லி, கவனக் குறைபாடு என்று முடிவு சொன்னார். மாத்திரையும் ஆலோசனையும் தொடங்கின. இரண்டு மாதம் கழித்து, “பாட்டு வச்சுக்கிட்டுப் படிக்கிறேன்னு கேக்கிறா, விடலாமா?” என்று அம்மா எங்களிடம் கேட்டார். “விட்டுப் பாருங்க, ஆனா எழுதி வைங்க” என்றோம்.

அம்மா நம் சேமிப்பு நோட்டு மாதிரியே கோடு போட்டு ஒரு நோட்டு வைத்தார். 8 நாள். ஒரு நாள் பாட்டோடு, ஒரு நாள் பாட்டில்லாமல், மாற்றி மாற்றி. மாலை 6 மணி, அரை மணி நேரம் கணக்கு. எல்லா நாளும் அதே மாத்திரை, அதே நேரம், அதே பாய். மாறியது பாட்டு மட்டும்தான். பாட்டில்லாத நாட்களில் நான்கு, ஐந்து கணக்கு. வீணையோ புல்லாங்குழலோ வைத்த நாட்களில் ஏழு, எட்டு. அடுத்த வாரம் சினிமாப் பாட்டு வைத்துப் பார்த்தார்கள். கூடவே பாடிக்கொண்டிருந்தாள், கணக்கு நகரவில்லை. தமிழ்ப் பாடம் வாசிக்கும்போது வீணைகூட இடைஞ்சலாகத்தான் இருந்தது. அதற்கு மின்விசிறிச் சத்தமே போதும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அந்த நோட்டை அப்பாவும் பார்த்தார். ஏஜெண்ட் மறுபடி வந்தபோது, “பத்தாவது முடியட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது அவள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பேனா இன்னும் தொலைகிறது. ஆங்கிலம் இன்னும் கஷ்டம்தான். ஆனால் பள்ளிக்கூடம் நிற்கவில்லை.

வீட்டில் செய்து பார்க்கும் முறை

1. இடம்: தினமும் ஒரே இடம், ஒரே நேரம். டி.வி. கண்ணில் படக் கூடாது. சீரியல் நேரமும் படிப்பு நேரமும் ஒன்றாக இருந்தால் எந்தப் பாட்டும் உதவாது.
2. பாட்டு: வார்த்தை இல்லாத வாத்திய இசை நல்லது. வாசிக்கும்போது பாட்டு வரியும் பாட வரியும் மூளையில் மோதிக்கொள்ளும். பழகிய இசையாக இருக்கட்டும். புதுப் பாட்டு என்றால் மனசு அதன் பின்னால் போய்விடும்.
3. எஃப்.எம். வேண்டாம்: நடுவில் பேச்சும் விளம்பரமும் வரும். செல்போனில் என்றால் முன்பே பாட்டைச் சேர்த்து வைத்து, நெட்டை அணைத்து, போனைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். பாட்டு மாற்றுகிறேன் என்று எடுத்தால் வீடியோவில்தான் போய் நிற்கும்.
4. எந்த வேலைக்கு: கணக்குப் பயிற்சி, பார்த்து எழுதுதல், படம் வரைதல், வீட்டு வேலை ஆகியவற்றுக்கு வைத்துப் பார்க்கலாம். புதுப் பாடம் புரிந்துகொள்ள, மனப்பாடம் செய்ய அமைதி நல்லது.
5. நேரம்: சின்னப் பிள்ளைக்கு 10 நிமிடம், பெரிய பிள்ளைக்கு 20 நிமிடம். பிறகு 5 நிமிடம் எழுந்து ஓடி வரட்டும். “மூணு பாட்டு முடியுற வரைக்கும் எழுதுவோம்” என்றால் பிள்ளைக்கு நேரத்தின் அளவும் புரியும்.
6. கணக்கு: பாட்டோடு 4 நாள், பாட்டில்லாமல் 4 நாள். எத்தனை செய்தாள், எத்தனை தவறு என்று எழுதுங்கள். உதவவில்லை என்று தெரிந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.
7. பாராட்டு: ஐந்து கணக்கு போட்டால் ஐந்துக்குப் பாராட்டு. விட்டதைப் பிறகு பேசலாம்.

கவனிக்க வேண்டியவை

* சத்தத்தை போனின் அளவில் 60 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இயர்போனை விட அறையில் மெதுவாக ஓடும் பாட்டு நல்லது.
* சாலையில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் காதில் பாட்டு கூடவே கூடாது.
* மருத்துவர் மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம். பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் பயன்பட்டு வரும் மருந்துகள்தான். பசி குறையலாம், தூக்கம் குறையலாம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நாமே நிறுத்துவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் ஆபத்து. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை.
* ஞாபக சக்தி டானிக் என்று விளம்பரம் செய்வதில் காசைக் கரைக்க வேண்டாம்.
* அடியும் சூடும் இந்தக் குறைபாட்டைக் குறைக்காது. பயம் வந்தால் உள்ள கவனமும் போகும்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் கவனக் குறைபாடும் இருக்கிறது. நாம் கேட்டால்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் பார்க்கலாம். முதலில் பேசித் தெரிந்துகொள்ள 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கவனக் குறைபாடு தனியாக இடம்பெறவில்லை. ஆனால் கற்றல் குறைபாடு இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். கற்றல் குறைபாட்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்க வழி உண்டு.

நம் குழுவிலும் இருக்கலாம்

பிள்ளைகள் வளர்ந்தால் இது எல்லோருக்கும் மறைந்துவிடுவதில்லை. தவணைத் தேதியை மறப்பவர், பாஸ் புத்தகத்தைத் தொலைப்பவர், கூட்டத்தில் குறுக்கே பேசுபவர், மூன்று கூட்டத்துக்கு வராதவர் என்று தீர்மான நோட்டில் பெயர் ஏறிய சகோதரி உங்கள் குழுவிலும் இருக்கலாம். எல்லோருக்கும் கவனக் குறைபாடுதான் என்று சொல்லவில்லை. நீக்கும் தீர்மானம் போடும் முன் ஒரு முறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கூட்டத்துக்கு முதல் நாள் ஒரு போன், போனில் தவணைத் தேதிக்கு ஒரு அலாரம், பாஸ் புத்தகத்துக்குச் சுவரில் ஒரு பை என்று சின்ன ஏற்பாடுகளே பலருக்குப் போதும். தையல் மெஷினில் உட்காரும்போது பாட்டு வைத்தால் வேலை ஓடுகிறது என்று ஒரு சகோதரி சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் தனக்கான ஊன்றுகோலைக் கண்டுபிடித்திருக்கிறார்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் பள்ளி நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? ‘படிப்பு ஏறல’ என்று நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் காது, கண், கவனம் பரிசோதித்தோமா?
2. இந்த ஆண்டு நம் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்ததா? தலைமை ஆசிரியரிடம் கேட்டு வரப் போவது யார்?
3. மருத்துவமனைக்குப் போகும் தாய்க்குப் பயணச் செலவுக்காக உள்கடன் தர நம் குழு தயாரா?
4. நீங்கள் எந்த வேலையைப் பாட்டோடு செய்கிறீர்கள்? எந்த வேலைக்கு அமைதி வேண்டும்?

இந்த நான்கையும் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டு வாருங்கள். 8 நாள் நோட்டு போட்டுப் பார்த்த தாய்மார்கள் அதையும் எடுத்து வாருங்கள். உதவியது, உதவாதது இரண்டையுமே நாங்கள் பார்க்க வேண்டும்.